கெய்சரும் கல்பாக்கமும் - தண்ணியை யாருப்பா பாக்குறது?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், புடுங்கி முடிக்கிறதுக்குள்ள அடுத்த மூட்டை ஆணியைக் கொண்டுவந்து கொட்டிடறாங்க. போன வாரம் ரெண்டு நாள் லீவு கிடைச்சுது, சிங்கவரம் போயிட்டு வந்தேன். அங்க நடந்த ஒரு சின்ன விஷயத்துல ஆரம்பிச்சு மண்டை எங்கெங்கயோ சுத்திட்டு வந்துடுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

விஷயம் இதுதான். அம்மாவுக்கு முட்டி வலின்னு ரெண்டு வருஷம் முன்னாடி வீட்ல ஒரு கெய்சர் மாட்டிக் கொடுத்திருந்தேன். இந்தத் தடவை போனா, "அது சூடே ஆகல, ஒரு மாசமா விறகு அடுப்புதான்"னு அம்மா சொன்னாங்க. செஞ்சியிலேருந்து ஒரு அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். அவர் கெய்சரைக் கழட்டி, காயிலை வெளிய எடுத்துக் காட்டினார். சுண்ணாம்புல முக்கி எடுத்த மாதிரி வெள்ளை வெளேர்னு ஒரு விரல் தடிமனுக்கு உப்பு. தட்டினா ஓடு மாதிரி உடையுது. உள்ள காயில் ரெண்டு எடத்துல ஓட்டை. தொட்டி அடியில துரு.

"கம்பெனி மாலு நல்லாத்தான் இருக்கு தம்பி. தண்ணி சரியில்ல. போர் தண்ணிய அப்படியே வுட்டா எதுவும் தாங்காது"ன்னார்.

"அப்ப மாட்டும்போதே ஏண்ணே யாரும் சொல்லல?"

"நீ கேட்டியா?"

அவ்வ்வ்வ்... நியாயமான கேள்வி. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டப் போனவன் நான். நாலு வருஷம் பாய்லர் பாடம் படிச்சிருக்கேன். நானே தண்ணியைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல.

சாயங்காலம் மலை ஏறி ரங்கநாதரைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். நம்மூர் பெருமாள் தெரியும்ல? பல்லவர் காலக் குடைவரை, மலையைக் குடைஞ்சு அதே பாறையிலேயே படுக்க வெச்சிருக்காங்க. இத்தனை நூற்றாண்டா அப்படியே இருக்கார். அவர் பாறை, அதனால தப்பிச்சார். இரும்பா இருந்திருந்தா? இந்த யோசனையிலதான் கல்பாக்கம் ஞாபகம் வந்துச்சு. காக்கா பறக்குற கணக்குல எங்க ஊர்லேருந்து ஒரு 90 கிலோமீட்டர் இருக்கும். அங்கயும் பெரிய அளவுல நடக்குறது தண்ணியைச் சூடு பண்றதுதானே?

அணு உலைன்னதும் நம்ம ஆளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சுடுவாங்க. ஒரு கட்சிக்கு அது குண்டு, இன்னொரு கட்சிக்கு அது வல்லரசு. ரெண்டு கட்சியும் யுரேனியத்தைப் பத்தியே பேசும். உலையோட உடம்பைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா தின்னுறது தண்ணிங்கறதையும், அதைக் கட்டுப்படுத்தத் தனியா ஒரு வேதியியல் குழு ராப்பகலா வேலை பாக்குதுங்கறதையும் ரெண்டு கட்சியும் பேசி நான் கேட்டதில்ல.

கொஞ்சம் பாடம் நடத்திக்கிறேன், மன்னிச்சுக்கோங்க.

கல்பாக்கத்துல இருக்குற சென்னை அணுமின் நிலையத்தோட முதல் உலை 1984லயும், ரெண்டாவது 1986லயும் வணிக உற்பத்திக்கு வந்துச்சு. கனநீர் உலைகள். 306 குழாய்ச் சேனல்கள்ல எரிபொருள் இருக்கும், அது வழியா கனநீர் ஓடி சூட்டை அள்ளிட்டு வரும். சுமார் 290 டிகிரி சூடு, கடுமையான அழுத்தம், போதாததுக்குக் கதிர்வீச்சு வேற. ஒவ்வொரு சேனலுக்கும் உள்ள போக ஒண்ணு, வெளிய வர ஒண்ணுன்னு கார்பன் எஃகுல ஃபீடர் குழாய்கள். சாதாரண இரும்போட தம்பிதான் அது.

இந்தத் தண்ணியில ஆக்சிஜன் இருந்தா துரு. நம்ம வீட்டுக் குடத்துத் தண்ணியில ஒரு லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைஞ்சிருக்கும். மீன் உயிர் வாழ்றதே அதாலதான். உலைத் தண்ணியில லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழ வெச்சிருக்கணும். அதாவது நம்ம குடத்துல இருக்குறதுல 800ல ஒரு பங்கு. அதையும் ஒரு தடவை எடுத்துட்டா வேலை முடியல. கதிர்வீச்சு தண்ணி மூலக்கூறையே உடைச்சு புதுசா ஆக்சிஜனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்கிக்கிட்டே இருக்கும். அதுக்கு மாத்து, தண்ணியில ஹைட்ரஜனைக் கரைச்சு வெக்கிறது. உடைஞ்ச துண்டுகள் மறுபடி சேந்து தண்ணி ஆயிடும்.

அடுத்தது காரத்தன்மை. லித்தியம் ஹைட்ராக்சைடு கொஞ்சமா போட்டு பிஹெச்சை 10.2லேருந்து 10.8க்குள்ள வெப்பாங்க. அப்பதான் இரும்பு மேல மேக்னடைட்னு ஒரு கறுப்புத் தோல் படிஞ்சு நிலைச்சு நிக்கும். நம்ம வீட்டு தோசைக்கல்லு பழகப் பழகக் கறுப்பா ஒரு பூச்சு வருமே, சோப்பு போட்டுத் தேய்ச்சா அம்மா திட்டுவாங்களே, கிட்டத்தட்ட அதே வேலை. இரும்பைக் காப்பாத்துறது அந்தத் தோல்தான்.

கூடங்குளத்துல ரஷ்ய வகை உலை. அங்க சாதாரண நீர். அணுவினையைக் கட்டுப்படுத்த அதுல போரிக் அமிலம் கரைச்சிருப்பாங்க. அமிலம் போட்டா அரிக்கும், அதனால பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் அம்மோனியாவும் போட்டு ஈடு கட்டுவாங்க. மேற்கத்திய உலைகள்ல பொட்டாசியத்துக்குப் பதிலா லித்தியம். அதுலயும் லித்தியம்-7 மட்டும் பிரிச்சு எடுத்துப் போடணும், ஏன்னா லித்தியம்-6 நியூட்ரானை முழுங்கி டிரிட்டியமா மாறிடும். எங்கம்மா சாம்பார்ல உப்பு கூடினா உருளைக்கிழங்கு, புளிப்பு கூடினா வெல்லம்னு போடுவாங்க. அதே கதைதான், ஆனா அங்க தண்ணியில கலக்குற அழுக்கைப் பாக்குறது நூறு கோடியில ஒரு பங்குங்கற கணக்குல.

நூறு கோடியில ஒரு பங்கெல்லாம் ஒரு விஷயமான்னு கேப்பீங்க. நான் உக்காந்து ஒரு கணக்குப் போட்டேன். கல்பாக்கம், கூடங்குளம் ரெண்டும் கடலோரம். டர்பைன்லேருந்து வர்ற நீராவியைக் குளிர வெக்கிறது கடல் தண்ணி. நடுவுல இருக்குறது மெல்லிசான குழாய்ச் சுவர். நீராவிப் பக்கம் வெற்றிடம்ங்கறதால, குழாய்ல ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் கடல் தண்ணிதான் உள்ள வரும். ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கு. அந்த ஒரே ஒரு லிட்டர், 19 லட்சம் லிட்டர் சுத்தமான தண்ணியை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் குளோரைடுங்கற அளவுக்குக் கொண்டுவந்துடும். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி கணக்குல சொன்னா சுமார் 160 லாரி! குளோரைடு எஃகுக்கு எமன். துருப்பிடிக்காத எஃகையே கண்ணுக்குத் தெரியாம விரிசல் விட வெக்கும். கடலோர நிலையங்கள் காஸ்ட்லியான டைட்டானியம் குழாயைத் தேடிப் போறது இதனாலதான்.

அதோட கதை முடியுமா? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஆக்சிஜனைச் சுத்தமா எடுத்துட்டா துரு வராது, சந்தோஷம். ஆனா ஆக்சிஜனே இல்லாத சூடான தண்ணி வேகமா ஓடுற எடத்துல, முக்கியமா குழாய் வளையுற எடத்துல, அந்தக் கறுப்புத் தோல் கரைஞ்சுபோக ஆரம்பிக்கும். தோல் கரைய, இரும்பு புதுசா தோல் போட, அதுவும் கரையன்னு சுவர் மெலிஞ்சுக்கிட்டே வரும். ஒரு பக் சரி பண்ணா இன்னொரு பக் மொளைக்கிற நம்ம கோடு மாதிரியே! 1990களோட நடுவுல கனடாவுல பாயின்ட் லெப்ரோ உலையில ஃபீடர் குழாய்கள் எதிர்பார்த்ததைவிட வேகமா மெலியுறதைக் கண்டுபிடிச்சாங்க. அப்புறம்தான் அந்த வகை உலைகள்ல பிஹெச்சை 10.2லேருந்து 10.4ங்கற சின்ன சந்துக்குள்ள வெக்கணும், குழாய் எஃகுல கொஞ்சம் குரோமியம் கலக்கணும்னு மாத்திக்கிட்டாங்க.

இன்னொரு விஷயம், இதை யாரும் மறக்கக்கூடாது. அரிச்ச உலோகம் எங்க போவும்? தண்ணியோட சுத்தி உலைக்குள்ள போகும். அதுல இருக்குற கோபால்ட் நியூட்ரான் வாங்கி கோபால்ட்-60 ஆகித் திரும்பி வந்து, பம்புலயும் வால்வுலயும் குழாய் முழங்கையிலயும் உக்காந்துக்கும். அதோட அரை ஆயுள் 5.27 வருஷம். உலையை நிறுத்தினாலும் அது கதிர் வீசிக்கிட்டே இருக்கும். அப்ப ஸ்பேனரை எடுத்துக்கிட்டு அந்தக் குழாய்கிட்ட போறது யாரு? பராமரிப்புத் தொழிலாளி. பல எடத்துல ஒப்பந்தத் தொழிலாளி. இன்னிக்குத் தண்ணியை ஒழுங்கா பாக்கலைன்னா, நாலு வருஷம் கழிச்சு அதுக்கான பில்லைத் தன் உடம்பால கட்டுறவர் அவர்தான். இந்தப் படிவைக் கரைச்சு எடுக்குற ஆராய்ச்சிக்கும், உலைத் தண்ணியோட வேதியியலுக்கும்னே பாபா அணு ஆராய்ச்சி மையம் கல்பாக்கத்துல ஒரு தனிப் பிரிவையே நடத்துது. நீர் மற்றும் நீராவி வேதியியல் பிரிவு. நம்ம மாநிலத்துல இப்படி ஒரு எடம் இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, கவனிக்காம விட்டா என்ன ஆகும்? மூணு கதை சொல்றேன்.

ஒண்ணு. 1986 டிசம்பர் 9, அமெரிக்காவுல சர்ரி. மெலிஞ்சுபோன குழாய் முழங்கை வெடிச்சு, கொதிக்கிற தண்ணியில நாலு தொழிலாளிங்க செத்தாங்க.

ரெண்டு. 2002 மார்ச், அமெரிக்காவோட ஓஹியோ மாநிலத்துல டேவிஸ்-பெஸ்ஸி. உலைக்கலத்தோட மூடி வழியா போரிக் அமிலம் கசிஞ்சு கசிஞ்சு, ஆறு அங்குலத்துக்கு மேல தடிமனான எஃகைத் தின்னுடுச்சு. ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத உட்பூச்சு மட்டும்தான் அத்தனை அழுத்தத்தையும் தாங்கிட்டு நின்னுச்சு. அதுக்கு முன்னாடியே மூடியிலேருந்து செங்காவி நிறத்துல ஒழுகின தடம் ஃபோட்டோவுல இருந்துச்சு. காத்தைச் சோதிக்கிற ஃபில்டர்கள் துருத் தூளால அடிக்கடி அடைச்சுக்கிச்சு. ஃபில்டரை மாத்தினாங்க. ஏன் அடைக்குதுன்னு கேக்கல.

மூணு. எனக்குத் தூக்கம் வராமப் பண்ண கதை. 2004 ஆகஸ்ட் 9, ஜப்பான்ல மிஹாமா மூணாவது உலை. டர்பைன் பக்கத்துக் குழாய் ஒண்ணு வெடிச்சு அஞ்சு பேர் செத்தாங்க. 10 மில்லிமீட்டர் இருந்த சுவர் 1.5 மில்லிமீட்டருக்கும் கீழ மெலிஞ்சிருந்துச்சு. 1976ல உலை ஓட ஆரம்பிச்சதுலேருந்து அந்த எடத்தை ஒரு தடவை கூட அளக்கல. ஏன்? அளக்கவேண்டிய எடங்களோட பட்டியல்ல அது விட்டுப்போச்சு. அவ்ளோதான். பின்னாடி கண்டுபிடிச்சு, ஆகஸ்ட் 14ல தொடங்குற நிறுத்தத்துல அளக்கலாம்னு வெச்சிருந்தாங்க. அஞ்சு நாள் முந்திக்கிச்சு. செத்தவங்க அந்த நிறுத்தத்துக்கு முன்வேலை பாக்க உள்ள வந்தவங்க.

நம்ம நாட்லயும் நடந்திருக்கு. 2016 மார்ச் 11, குஜராத்துல கக்ராபார் முதல் உலையில அழுத்தக் குழாய் விரிசல் விட்டுக் கனநீர் கசிஞ்சுச்சு. குழாய்களோட வெளிப்பக்கத்துல, கார்பன் டை ஆக்சைடு சுத்துற பக்கம், ஆங்காங்கே அரிப்பு இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. தண்ணிப் பக்கத்தையே எல்லாரும் பாத்துட்டிருக்க, இது மறுபக்கம் வந்துச்சு. உலையை நிறுத்திக் குழாய்களை மாத்தி, 2019லதான் மறுபடி ஓட்டினாங்க.

எங்க ஊர்ல ஒரு கதை சொல்லுவாங்க. தேசிங்கு ராஜா போருக்குப் போறப்ப சிங்கவரம் ரங்கநாதர்கிட்ட உத்தரவு கேட்டாராம். பெருமாள் வேணாம்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாராம். ராஜா கேக்கல, போனார், திரும்பி வரல. 1714. கதை உண்மையோ பொய்யோ, அந்த ஃபில்டர் அடைச்சதும் செங்காவி ஒழுகினதும் சாமி முகத்தைத் திருப்பினது மாதிரிதான். பாக்குறவன் கண்ணுலதான் எல்லாம் இருக்கு.

இப்ப என் சொந்தக் கதை. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

மூணாவது வருஷம் படிக்கும்போது ஒரு ஆலையில பத்து நாள் பயிற்சி. பேர் வேணாம். பாய்லர் வீட்ல போட்டாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணி எடுத்து பிஹெச் பாத்து லாக் புக்ல எழுதணும். மூணாவது நாள் மீட்டர் வேலை செய்யல. ஷிஃப்ட்ல இருந்த அண்ணன் கூலா சொன்னார்: "நேத்து ஷீட்டைப் பாத்துப் போடு தம்பி. ஒரே எண்ணா போடாத, கொஞ்சம் மாத்தி மாத்திப் போடு. தண்ணி என்ன ஓடியா பூடப் போவுது?"

நான் போட்டேன். 10.9, 11.0, 10.8, 11.0. இயல்பா தெரியணும்னு மெனக்கெட்டு, பேனாவைக் கூட ஒரு தடவை மாத்தினேன். மீதி ஏழு நாளும் அப்படித்தான். ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கினேன், பயிற்சிக்கு நல்ல மார்க்.

பாய்லர் வெடிக்கல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுதான் இதுல பயங்கரமான விஷயம். அரிப்பு அன்னிக்கே தண்டனை கொடுக்காது. பொய் எழுதினவனுக்கும் உண்மை எழுதினவனுக்கும் அன்னிக்கு ராத்திரி ஒரே தூக்கம்தான். பத்து வருஷம் கழிச்சு வர்ற பில்லு வேற எவனுக்கோ போகும். கெய்சர் காயிலைப் பாத்தப்ப எனக்கு அந்த ஷீட்டுதான் ஞாபகம் வந்துச்சு.

அணுமின் நிலையத்துல இப்படித்தான் நடக்குதுன்னு நான் சொல்லல. அங்க தானியங்கி மானிட்டர் இருக்கு, மேல அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கு, ஒழுக்கமா வேலை பாக்குற ஆயிரக்கணக்கான பேர் இருக்காங்க. நான் சொல்றது ஒண்ணுதான்: எழுதுற எண்ணை வெளிய ஒருத்தன் பாக்குறான்னு தெரிஞ்சா, நான் அன்னிக்கு அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

அதனால என் கட்சி இது. எனக்கு அணுமின்சாரம் வேணும். கரன்ட் கட்டுல படிச்சவன் நான், நிலக்கரிப் புகையும் வேணாம். ஆனா "எங்களை நம்புங்க"ங்கற பேச்சு மட்டும் போதாது. எண்ணைக் காட்டுங்க. மாசாமாசம், உலை வாரியா, தமிழ்ல. பிஹெச் என்ன, ஆக்சிஜன் என்ன, குளோரைடு என்ன, எத்தனை மணி நேரம் எல்லைக்கு வெளிய போச்சு. குழாய்த் தடிமன் அளக்கவேண்டிய எடம் எத்தனை, அளந்தது எத்தனை. ஒப்பந்தத் தொழிலாளிகளையும் சேத்து மொத்தக் கதிர் அளவு எவ்வளவு. சதுரங்கப்பட்டினத்துலயும் புதுப்பட்டினத்துலயும் இடிந்தகரையிலயும் பஞ்சாயத்து பலகையில ஒட்டுங்க. வாரியத்தோட ஆண்டறிக்கை வருதுதான். அதைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஒருத்தர் படிச்சுப் புரிஞ்சுக்க முடியாது.

"இதெல்லாம் பாதுகாப்பு ரகசியம்"னு ஒரு பதில் வரும். பிஹெச் 10.3ன்னு தெரிஞ்சுக்கிட்டு எந்தத் தீவிரவாதி என்ன பண்ணப் போறான்? 2012 ஏப்ரல்ல மத்திய தகவல் ஆணையம் கூடங்குளத்தோட பாதுகாப்பு அறிக்கைகளைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. நிறுவனம் அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குத்தான் போச்சு. இடிந்தகரை மக்கள் பயந்தாங்கன்னு கிண்டல் பண்ண நண்பர்களே, கேட்ட தாளைக் கொடுக்காம பயப்படாதேன்னு சொன்னா எப்படி?

"ஜனங்களுக்குப் புரியாது, பீதியாயிடும்"ங்கறது அடுத்த பதில். இதுக்குத்தான் எனக்குக் கோவம் வரும். மேட்டூர் அணை நீர்மட்டம் தினமும் பேப்பர்ல வருது. 120 அடிதான் முழுக் கொள்ளளவுன்னு தஞ்சாவூர் விவசாயிக்கு யாரு பாடம் எடுத்தா? 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்போ, எங்க மாவட்டத்துல ராத்திரி முழுக்க சாத்தனூர்ல எவ்வளவு திறந்தாங்கன்னுதான் பேச்சு. எண் புரியாதவங்க யாரும் அன்னிக்கு முழிச்சிருக்கல. எண் வராததுதான் பீதி. தினமும் பாக்குற எண் பழக்கமாயிடும், பழகின எண்ணு மாறினா கேள்வி வரும். அந்தக் கேள்விதான் எனக்கு வேணும். மிஹாமா பட்டியலை வெளியில நாலு பேர் பாத்திருந்தா, "இந்த முழங்கை ஏன் இல்ல?"ன்னு எவனாவது கேட்டிருப்பானோ என்னவோ. கேட்டிருக்க வாய்ப்பாவது இருந்திருக்கும்.

கெய்சர் கதைக்கு வர்றேன். புதுக் காயில் போட்டாச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து உப்பைச் சுரண்டணும்னு அண்ணன் சொல்லிட்டுப் போனார். மறுநாள் காலையில குளிக்கப் போனா, சுவத்துல அப்பா கரித்துண்டால தேதி எழுதி வெச்சிருக்கார். அதுக்குக் கீழ மூணு கோடு, அடுத்த மூணு தடவைக்கு எடம் விட்டு.

"எதுக்குப்பா சுவத்துல? நோட்டுல எழுதலாம்ல?"ன்னேன்.

"நோட்டு மூடிக் கெடக்கும். சுவத்துல இருந்தா குளிக்கிற எல்லாரும் பாப்பாங்க"ன்னார்.

நான் ரெண்டாயிரம் வார்த்தையில சொன்னதை அவர் கரித்துண்டால சொல்லிட்டார்.

டிஸ்கி 1: கல்பாக்கத்துலயோ கூடங்குளத்துலயோ வேதியியல் பிரிவுல வேலை பாக்குற பதிவர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க. தப்பு இருந்தா திருத்திடறேன்.

டிஸ்கி 2: அந்த ஆலையில அன்னிக்கு நான் எழுதின எண்கள் எல்லாம் பொய். லேட்டா சொல்றேன், ஆனா சொல்லிட்டேன்.